காலாலாவ் பாதை: ஹனாகாபியாய் ஓடையை முதியவர் கடக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். ஹவாயின் காவாய் தீவிலுள்ள காலாலாவ் கடலோரப் பாதையில் வரும் மார்ச்சில் ஒரு நாள் நடக்க எண்ணியுள்ளோம். கேயே கடற்கரையில் தொடங்கும் இப்பாதை முழுவதும் 11 மைல். நாங்கள் முதல் 2 மைல் நடந்து ஹனாகாபியாய் கடற்கரையை அடைந்து, அங்கிருந்து பள்ளத்தாக்கின் உள்ளே மேலும் 2 மைல் தள்ளியுள்ள அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைக்கிறோம். உடன் வரும் என் தந்தைக்கு வயது 64. நாள்தோறும் நடப்பவர்தான், ஆனால் மலைப்பாதை பழக்கமில்லை. கடற்கரையை ஒட்டிக் குறுக்கிடும் ஓடைக்குப் பாலம் இல்லை என்பதே என் கவலை.

மறுமொழி 1:
ஓடைக்கு முன்பே முதல் மைல் அவரைச் சோதித்துவிடும். வேர்களும் கற்களும் நிறைந்த ஏற்றம் அது. இரண்டாம் மைலில் இறங்குவதையெல்லாம் திரும்பும்போது களைத்த கால்களுடன் ஏற வேண்டும். மழை பெய்தால் செம்மண் சேறு காலணியின் அடியில் அடையாக அப்பிக்கொண்டு, அதன் பிடிப்பையே இல்லாமல் ஆக்கிவிடும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துச் செல்லுங்கள். அருவி வரை போய்வர மொத்தம் 8 மைல், அதாவது ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பதால், கடற்கரையோடு திரும்புவதே அவருக்கு நல்லது என்பது என் கருத்து.

மறுமொழி 2:
நீர் தெளிந்து முழங்காலுக்குக் கீழே ஓடினால் அவர் நிதானமாகக் கடந்துவிடலாம். இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு முதுகுப்பையைத் தளர்த்திக்கொண்டால், விழுந்தாலும் பை அவரை இழுக்காது. ஆனால் உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை நம்பிவிடாதீர்கள். உலகிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வாயாலேயாலே சிகரம் இத்தீவில்தான் இருக்கிறது. மலையில் பெய்யும் மழை, கரையில் ஒரு துளி விழாதபோதும் ஓடையைச் சில நிமிடங்களில் பெருக்கெடுக்க வைக்கும். 2014 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மறுகரையில் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டனர். நீர் கலங்கி, இலை சருகுகளை அடித்து வந்தால் இறங்கவே கூடாது; அப்போது மறுகரையில் இருந்தால் வெள்ளம் வடியும் வரை மேட்டில் காத்திருங்கள். எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால் ஓடை நீரைச் சுத்திகரிக்காமல் குடிக்காதீர்கள். மார்ச்சில் அக்கடற்கரையில் மணலைவிடப் பாறைகளே மிகுந்திருக்கலாம். குளிர்கால அலைகள் மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். எப்படியிருந்தாலும் கடலில் இறங்க வேண்டாம். தடுக்கும் பவளத்திட்டு இல்லாததால் இழுப்போட்டம் கடுமையாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அருவியைக் கைவிட்டோம், ஓடையின் இக்கரை வரை சென்று, நீரைப் பார்த்தபின் முடிவெடுப்போம். கடற்கரைக்கு மட்டும் செல்லவும் அனுமதிச் சீட்டு தேவையா?

மறுமொழி 3:
தனி அனுமதி ஹனாகாபியாய் பள்ளத்தாக்கைத் தாண்டுவோருக்கே தேவை. ஆனால் ஹவாயில் வசிக்காதோர், பாதை தொடங்கும் ஹாயேனா மாநிலப் பூங்காவுக்குள் நுழையவே முன்பதிவு செய்தாக வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பின் மூடப்பட்ட பூங்கா 2019இல் திறந்தபோது வந்த நடைமுறை இது. 30 நாட்களுக்கு முன் பதிவு திறக்கும்; இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் அன்றே பதிந்துவிடுங்கள்.