சங்கு மாதிரி வீடு: காவேரிப்பட்டணத்தில் கட்ட முடியுமா?

மாந்தோப்பு:
எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பை ஒட்டி 8 சென்ட் மேட்டு நிலம் இருக்கிறது. மெக்சிகோ நகரத்துக்குப் பக்கத்தில் ஹாவியர் செனோசியான் என்ற கட்டடக் கலைஞர் 2006இல் சங்கு வடிவில் கட்டிய நாட்டிலஸ் வீட்டுப் படங்களைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. முன்சுவரில் வண்ணக் கண்ணாடி வட்டங்கள், உள்ளே செடிகளுக்கு நடுவே நடைபாதை. அப்பாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரிடா, இதுல கன்னிமூலை எங்க வரும்?" என்றார். மேஸ்திரியோ, சதுர அடிக் கூலி எப்படிப் பேசுவது என்று சிரிக்கிறார். அந்த வீடு மாதிரி கோழிவலை மேல் சிமெண்ட் பூசினால் வீடு நிற்குமா?

பாலக்கோட்டான்:
நிற்கும் தம்பி. அதற்குப் பெயர் பெர்ரோசிமெண்ட். பிரான்சில் லாம்போ என்பவர் 1848லேயே இந்த முறையில் படகு செய்து மிதக்க விட்டார். நான் இதில் தண்ணீர்த் தொட்டிகள் கட்டியிருக்கிறேன். பலம் வளைவில்தான் இருக்கிறது. முட்டை ஓட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், தெரியும். நாட்டிலஸ் வீட்டின் ஓடே ஏறத்தாழ 2 அங்குலம்தான்.

ஆனால் வேலை பொறுமையைச் சோதிக்கும். கம்பியை வளைத்துக் கூடு கட்டி, மேலே வலையை இரண்டு மூன்று சுற்று சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்க வேண்டும். அப்புறம் உள்ளே ஒருவர் பலகையை அணைத்துப் பிடிக்க, வெளியே ஒருவர் கலவையை அறைந்து ஏற்ற வேண்டும். வலைக்குள் காற்று நின்றால் அங்கே ஈரம் புகுந்து துரு பிடிக்கும். என் முதல் தொட்டியில் சாப்பாட்டுக்கு இறங்கியவர்கள் மழையில் மாட்டி மறுநாள்தான் வந்தார்கள். காய்ந்த பூச்சும் புதுப்பூச்சும் சேர்ந்த அந்தக் கோட்டில்தான் இன்றுவரை கசிகிறது. பூசி முடித்ததும் சாக்கு போர்த்திக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். கூலி? நாள் கூலியாகப் பேசுங்கள். அதே பரப்புக்கு வட்டச் சுவர், சதுரச் சுவரைவிடச் சுமார் 11 சதவீதம் நீளம் குறைவு. மேஸ்திரியிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

எனக்குப் பயம் வெயிலைப் பற்றித்தான். 2 அங்குலச் சிமெண்ட் சித்திரையில் தோசைக்கல். செனோசியான் 1985இல் கட்டிய இன்னொரு வீடு, ஆர்கானிக் ஹவுஸ் என்பார்கள், மேலே மண்ணைப் போட்டுப் புல் வளர்த்தது. உங்கள் மேட்டு நிலத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு ஜாண் மண் நனைந்தால் சதுர அடிக்கு 30 கிலோவைத் தாண்டும். அந்தச் சுமையைக் கணக்குப் போட ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வேண்டும். என்னைப் போன்ற மேஸ்திரியை நம்பாதீர்கள்.

பென்னாகரத்துப் பொண்ணு:
அண்ணா சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. ஆரோவில்லில் ஒரு குவிமாட அறையில் இரண்டு நாள் தங்கினேன். குளுகுளுவென்று இருந்தது, ஆனால் நான் தும்மினால் அறை திரும்பத் தும்மியது. கட்டிலை எந்தப் பக்கம் ஒட்டிப் போட்டாலும் பின்னால் ஒரு பிறை வடிவ இடைவெளி. போன் சார்ஜர் விழுந்தால் கதை முடிந்தது. அந்த மெக்சிகோ வீடுகளில் இருக்கை, படுக்கை எல்லாம் சுவரோடு சேர்த்தே வார்த்தவை. உங்கள் அம்மாவின் பீரோவை யார் வார்ப்பார்கள்?

பாலக்கோட்டான்:
பீரோ சரியான கேள்வி. திருவனந்தபுரம் தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸைப் பாருங்கள்: சுருள்சுருளாக ஏறும் சாய்தளம், மேசைகள் சுவரோடு சேர்ந்தவை. ஆனால் அங்கே காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாமே. தம்பி, முதலில் ஒரு அறையை மட்டும் சுருளாகக் கட்டி ஒரு கோடையும் ஒரு மழையும் பாருங்கள்.

மாந்தோப்பு:
அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு அறைக்குச் சரி என்றார். ஆனால் அது தோப்பு ஓரத்தில் தனியாக இருக்க வேண்டுமாம், அறுவடைக் காலத்தில் மாங்காய்க் கூடை வைக்கவும் உதவ வேண்டுமாம்.

பாலக்கோட்டான்:
அப்படியானால் வாசல் அகலம் 4 அடிக்குக் குறையாமல் வையுங்கள். கூடையை அளந்து சொல்லுங்கள், கம்பிக் கூடு வரைந்து அனுப்புகிறேன்.