மறுமொழி: நீச்சல் சொற்பட்டியல் – தசைப்பிடிப்பா, குரக்கா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நாம் தொகுத்துவரும் நீச்சல் சொற்பட்டியலில், 'கிராம்ப்' (cramp, தசை திடீரென வலியோடு சுருண்டு இறுகுவது) என்பதற்குத் 'தசைப்பிடிப்பு' என்று போட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். மடல்களை இரண்டு முறை படித்தேன். எனக்கு உடன்பாடில்லை, 'குரக்கு' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தசைப்பிடிப்பு எல்லாருக்கும் புரிகிற சொல். அது இருக்கப் புதுச்சொல் எதற்கு?

எல்லாருக்கும் புரிகிறது, உண்மைதான். ஆளுக்கு ஒன்றாகப் புரிகிறது. தூங்கி எழுந்ததும் கழுத்தைத் திருப்ப முடியாவிட்டால் பிடிப்பு. குனிந்து எதையோ தூக்கி, நிமிர முடியாமல் நின்றால் பிடிப்பு. நெஞ்சில் வாய்வு அடைத்தால் அதுவும் பிடிப்பு. நேற்று ஓடியதற்கு இன்று தொடை வலித்தால் அதற்கும் இதே பெயர். வீட்டுப் பேச்சுக்கு இது போதும். நீச்சல் குளத்துக்குப் போதாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பையன் ஒருவன் சுவரை உதைத்துத் திரும்பும்போது, "அண்ணா, கால் பிடிச்சிருச்சு!" என்று கத்தினான். கரையேற்றி உட்காரவைத்தேன். முழங்காலை நீட்டிப் பாதத்தைப் பிடித்து, விரல்கள் முழங்காலைப் பார்க்கிற மாதிரி மடக்கி இழுத்தேன். அவன் முகம் வெளுத்துப்போனது. சதையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது: அது இறுகியிருக்கவே இல்லை. ஓரிடத்தில் மட்டும் விரல் பட்டாலே துடித்தான். கெண்டைச்சதையில் நார் கிழிந்திருந்தது. கிழிந்த நாரை நான் இழுத்துவிட்டிருந்தேன். அவன் குளத்துக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆயின. அவன் சொன்ன சொல் அவனளவில் சரி. அதை நான் புரிந்துகொண்டதும் வழக்கத்தை ஒட்டித்தான். இரண்டு கேடுகளுக்கும் ஒரே சொல் இருந்ததுதான் வினையாகிப் போனது.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: சொல்லைக் கேட்டதும் அடுத்து என்ன செய்வது என்று தெரிய வேண்டும். கிராம்ப் என்றால் இழுத்து நீட்ட வேண்டும். நார்க்கிழிவு என்றால் இழுக்கவே கூடாது. சுளுக்கு என்றால் மூட்டை அசைக்காமல் வைக்க வேண்டும். கால் மரத்துப்போவது வேறு கதை, அங்கே சதை இறுகுவதில்லை, உணர்வுதான் போகிறது. நான்கும் தண்ணீருக்குள் 'பிடிச்சிருச்சு' என்ற ஒரே கூச்சலாகத்தான் வெளியே வருகின்றன.

நாம் பெயர் தேடுகிற அந்த ஒன்று எப்படி இருக்கும் என்பதை, அது வராதவர்களுக்காக எழுதுகிறேன். காலுதைப் பயிற்சியில் நான்காவது ஐந்தாவது சுற்று. பாதம் கூராக நீண்டிருக்கிறது. முதலில் சதைக்குள் புழு நெளிவது போல ஒரு துடிப்பு. அடுத்த உதையில் கெண்டைச்சதை தானாகவே சுருண்டு மேலே ஏறுகிறது. கட்டைவிரல் தன்போக்கில் கீழே வளைகிறது. கையை வைத்தால் தோலுக்கடியில் கூழாங்கல் போல ஓர் உருண்டை. விடு என்று மனம் சொன்னாலும் கால் கேட்பதில்லை. சில நொடிகளில் விடலாம், சில நிமிடங்களும் நீடிக்கலாம். விட்ட பிறகும் அந்த இடத்தில் ஒரு நோவு தங்கியிருக்கும், வேகமாக உதைத்தால் மறுபடி சுருட்டும்.

> உப்பும் நீரும் குறைவதால் வருவது. ஆகவே 'நீரிழப்பு இறுக்கம்' என்று காரணத்தையே பெயராக வைக்கலாம்.

காரணத்தைப் பெயரில் வைத்துவிட்டால், காரணம் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும். இங்கே ஏற்கெனவே மாறிக்கொண்டுதான் இருக்கிறது. நெடுந்தூரப் போட்டிகளில் ஓடியவர்களின் இரத்தத்தைச் சோதித்த பல ஆய்வுகளில், கால் சுருண்டவர்களுக்கும் சுருளாதவர்களுக்கும் உப்புச்சத்தில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. உடம்பு முழுவதற்கும் உப்புக் குறைந்தால், உழைத்த அந்த ஒரு சதை மட்டும் ஏன் சுருள வேண்டும் என்ற கேள்வியும் நிற்கிறது. 1990களிலிருந்து வலுப்பெற்றுவரும் விளக்கம் நரம்பைச் சுட்டுகிறது. தசைக்குள் இருக்கும், நூல் நூற்கும் கதிரின் வடிவிலான உணரிகள் 'சுருங்கு' என்று தூண்டுகின்றன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் இருக்கும் உணரிகள் 'போதும், தளர்' என்று தடுக்கின்றன. தசை களைத்துவிட்டால் தூண்டல் ஓங்குகிறது, தடை தளர்கிறது. அதிலும் தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருந்து மேலும் சுருங்கும்போது நாணில் இழுவிசை குறைவு, தடுக்கும் குரலும் மெலிவு. நீந்துபவரின் கூரான பாதம் கெண்டைச்சதையை அந்தக் குறுகிய நிலையில்தான் மணிக்கணக்கில் வைத்திருக்கிறது. இழுத்து நீட்டியதும் விடுவது ஏன் என்பதும் இதில் விளங்கும்: நாண் இழுபடுகிறது, தடை மீள்கிறது.

2010இல் வெளியான ஓர் ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். மின் தூண்டலால் பாதத்துத் தசையைச் சுருளவைத்து, ஊறுகாய் ஊறிய உப்புப் புளிப்பு நீரைக் கொஞ்சம் குடிக்கக் கொடுத்தார்கள். வெறும் நீர் குடித்தபோது ஆனதைவிட விரைவில் தசை விட்டது. அந்த நீர் இரத்தத்தில் கலந்து பயன் தருவதற்கு அவ்வளவு நேரம் போதவே போதாது. வாயிலும் தொண்டையிலும் பட்ட புளிப்பே நரம்பு வழியாக வேலை செய்திருக்க வேண்டும் என்பது அவர்கள் விளக்கம். தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, குளத்திலும் வியர்க்கும். ஆனால் பெயரில் நீரிழப்பை ஏற்றாதீர்கள்.

(துணைக்கேள்வி: தசைக்குள் இருந்து 'சுருங்கு' என்று தூண்டும் அந்த உணரிக்குத் 'தசைக்கதிர்' என்று எழுத ஆசை. நூல் நூற்கும் கதிர்தான் பொருள். ஒளிக்கதிர் என்று எண்ணிவிடுவார்களோ என்று தயங்குகிறேன். தனி இழையில் பேசுவோம்.)

இனி என் பரிந்துரை. 'வலிப்பு' ஏற்கெனவே மூளை சார்ந்த நோயின் பெயர். கரையிலிருந்து அதைக் கத்தினால் உயிர்காப்பாளர் வேறு அவசரத்துக்கு ஓடிவருவார். 'இசிவு' நல்ல சொல்தான், ஆனால் குடலும் மூச்சுக்குழலும் இறுகுவதற்கும் அதுதான் பொதுப்பெயராக வேண்டும், அங்கேயே இருக்கட்டும். 'குரக்குவலி' என்று பழைய அகராதிகளில் ஒரு சொல் கிடக்கிறது. கைகால் சுண்டி இழுப்பதையே அது குறித்தது. இன்றும் பேச்சில் 'கொரக்களி புடிச்சிருச்சு' என்று சொல்பவர்கள் உண்டு, என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதிலிருந்து வலியைக் கழற்றிவிட்டுக் 'குரக்கு' என்று எடுத்துக்கொள்வோம். 'குரங்குதல்' என்றால் வளைதல். அடங்கு–அடக்கு, முடங்கு–முடக்கு போலக் குரங்கு–குரக்கு. தானாக வளைவது குரங்குதல், வளையவைப்பது குரக்கு. கட்டைவிரல் கீழே வளைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேர் பிடிக்கும்.

> குரக்கு என்றால் குரங்கு நினைவுதான் வரும். 'குரக்கினம்' என்று இலக்கியத்தில் இருக்கிறதே.

இருக்கிறது, ஐயா. ஆனால் அங்கே அது இன்னொரு சொல்லின் முன்னால் ஒட்டி நிற்கும் வடிவம். தனியே 'குரக்கு' என்று யாரும் குரங்கைச் சொல்வதில்லை. 'கால்' என்ற சொல் உறுப்பையும் நான்கில் ஒரு பங்கையும் குறிக்கிறது, நாம் தடுமாறுவதில்லை. ஈரசை, நான்கெழுத்து, வாயில் தண்ணீர் இருந்தாலும் துப்பிவிட்டுச் சொல்லிவிடலாம்: "அண்ணா, குரக்கு!" கடந்த சில வாரங்களாக என் மாணவர்களிடம் இப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கல்லாக இறுகியிருந்தால் 'குரக்கு', சுரீர் என்று அறுந்த மாதிரி இருந்தால் 'கிழிவு'. சிறுவர்கள் ஒரே நாளில் பற்றிக்கொண்டார்கள். பெரியவர்கள்தான் இன்னும் 'பிடிச்சிருச்சு' என்கிறார்கள்.

கூட்டுச்சொற்களும் இயல்பாக அமைகின்றன: இரவுக்குரக்கு, உழைப்புக்குரக்கு, கெண்டைக்குரக்கு, உள்ளங்கால் குரக்கு. வினையாகக் 'கால் குரக்கிக்கொண்டது' என்று எழுதலாமா என்பதில் மட்டும் இலக்கணம் அறிந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள். 'குரக்கு பிடித்தது' என்பதில் எனக்கு மறுப்பில்லை, பழைய பிடிப்பும் ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டும்.

பட்டியலுக்கான வரைவு:

குரக்கு – பெ. பெரும்பாலும் உழைத்துக் களைத்த தசை, தன்விருப்பமின்றித் திடீரெனச் சுருங்கி, வலியோடு இறுகி நிற்றல். நீரில் நேர்ந்தால்: உதைப்பதை நிறுத்துக, மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க, பிடிமானம் கிடைத்ததும் முழங்காலை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கமாக மடக்கி, இறுக்கம் விடும்வரை வெட்டி இழுக்காமல் பிடித்திருக்க, அன்று கடும் காலுதையைத் தவிர்க்க. தொட்டால் சதை இறுகியிராமல் ஓரிடத்தில் மட்டும் கூர்வலி இருந்தால் அது குரக்கன்று, இழுக்கற்க. ஒரு காலில் வலி விடாமல் வீக்கமும் சூடும் சேர்ந்தால் மருத்துவரிடம் செல்க. ஒப்பு நோக்குக: இசிவு, சுளுக்கு, நார்க்கிழிவு, மரத்தல்.

வரைவில் திருத்தம் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். 'வெட்டி இழுக்காமல்' என்பதற்கு மேலும் தெளிவான தொடர் யாருக்காவது தோன்றினால் முதலில் அதைச் சொல்லுங்கள்.