தையல் மிஷின் முன்னால் நின்றுபோகும் மூச்சு

காலர் ஏற்றும்போதும் கை வளைவு தைக்கும்போதும் டெய்லர்களின் முகத்தைப் பாருங்கள். தாடை இறுகும், தோள் காதுப் பக்கம் ஏறும், மூச்சு நின்றுவிடும். வளைவு முடிந்ததும் ஒரு பெருமூச்சு. தைக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் வேலையில் இது நாள் முழுக்க நடக்கிறது. தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. ஊசியைப் பார்க்க அது முன்னே நீள, கழுத்துத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். விலாவைத் தூக்கி மூச்சிழுக்கும் வேலையும் கழுத்தின் தலையிலேயே விழுந்தால் சாயங்காலம் வலிக்காமல் என்ன செய்யும்?

கணக்காகவே சொல்கிறேன். சாதாரண மூச்சு ஒன்றுக்கு 500 மி.லி. காற்று. அதில் 150 மி.லி. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயோடு நின்றுவிடும். நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் உள்ளே போவது 6 லிட்டர், பயன்படுவது 4.2 லிட்டர். மேலோட்டமாக 250 மி.லி. வீதம் 24 முறை இழுத்தாலும் உள்ளே போவது அதே 6 லிட்டர்தான்; ஆனால் பயன்படுவது 2.4 லிட்டர்! அதற்காக "நல்லா இழுத்து விடுங்க" என்று சொல்லாதீர்கள். வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும், விரல்நுனியும் வாயோரமும் மரத்துப்போகும். பயந்து இன்னும் வேகமாக இழுப்பார்கள்.

"நிமிர்ந்து உட்காரு" என்பதும் வீண். தலை ஏன் முன்னே போகிறது என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் வெளிச்சம் போதாது. ஊசிக்குப் பக்கத்தில் சின்ன எல்.இ.டி. போடுங்கள். கண் பவரையும் பார்த்துவிடுங்கள். ஸ்டூலில் இடுப்பு முழங்காலைவிடக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். பெடல் தள்ளி இருந்தால் உடம்பு சரியும், கிட்டே இழுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று: பாவாடை நாடா. நின்றபடி வயிற்றை எக்கிக் கட்டிவிட்டு உட்கார்ந்தால் வயிறு முன்னே வர இடமில்லை, மூச்சு நெஞ்சுக்கு ஏறிவிடும். உட்கார்ந்து பார்த்து, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

பாபின் (அடிநூல் சுற்றிய சின்ன உருளை) மாற்றும்போதெல்லாம் பல்லைக் கடிக்காமல், உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். உள்ளிழுக்க அவசரம் வேண்டாம், மூக்கு வழியாகத் தானாக வரும். மூன்று முறை போதும்.

எல்லாவற்றையும் டென்ஷன் கணக்கில் எழுதாதீர்கள். நெஞ்சு வலியோடு வியர்த்தால் உடனே ஆஸ்பத்திரி. பஞ்சு மில்லில் வேலை செய்பவருக்கு லீவு முடிந்து போகும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுகினால் பஞ்சுத் தூசியைச் சந்தேகித்து நுரையீரல் டாக்டரிடம் காட்டுங்கள்.