கையில் வேலை இல்லாத நாட்களில் என்ன செய்தீர்கள்? அனுபவத்தைப் பகிருங்கள்

கணக்குப்பிள்ளை, திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கச்சி மகன் படிப்பை முடித்துவிட்டு ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசிங் பிரிவில் சேர்ந்திருக்கிறான். ஆர்டர் குறைந்த நேரம். காலையில் போனால் மதியத்துக்குள் அவன் மேஜை காலியாகிவிடுகிறது. "மாமா, மீதி நேரம் உட்கார்ந்துட்டு சம்பளம் வாங்குறது மனசை உறுத்துது. எழுந்து போய் வேலை கேட்டா, இவனுக்கு வேலையே இல்லைன்னு ஆள் குறைக்கும்போது என் பேரை முதல்ல எழுதிடுவாங்களோன்னு பயமாவும் இருக்கு" என்றான்.

நான் ஒரே கம்பெனியில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன். பல தொழில்களில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்ததைக் கேட்டால் அவனுக்குத் தெளிவு கிடைக்கும். உங்கள் இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

ரிங் பிரேம் ஃபிட்டர், கோயம்புத்தூர்:

வணக்கமுங்க. எங்க பக்கம் மில்லுல இருந்த யாரும் 2012-ஐ மறக்க மாட்டாங்க. சென்னையில ஓரிரு மணி நேரம் கரண்ட் போச்சுன்னா, எங்களுக்குப் பத்து, பன்னெண்டு மணி நேரம் போன நாளெல்லாம் உண்டு. ஜெனரேட்டர்ல ஓட்டினா டீசல் செலவுக்கே நூல் விலை கட்டாது. பாதி ஷிப்டு மிஷின் நின்னுட்டேதான் இருக்கும்.

புதுப் பசங்க கிளம்பிடலாமான்னு கேப்பாங்க. எங்க பெரிய ஃபிட்டர் விட மாட்டார். ரிங் பிரேம், அதாவது நூல் நூற்கிற மிஷின், ரொம்ப நேரம் நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா, உருளைகளை அழுத்திப் பிடிக்கிற டாப் ஆர்ம் பிரஷரை எடுத்து விடச் சொல்லுவார். அப்படியே விட்டா உருளை மேல இருக்கிற ரப்பர் உறை (காட்ஸ்) ஒரே இடத்துல அமுங்கிப் போயி, திருப்பி ஓட்டும்போது நூல் ஒரு சீரா வராது. அப்புறம் ஸ்பிண்டில் டேப் பார்க்கிறது, டிராவலர் மாத்துறது, போல்ஸ்டர்ல எண்ணெய் மாத்துறதுன்னு வரிசையா இருக்கும். ஓடுற மிஷின்ல இதுக்கு நேரம் வாங்குறது பெரும்பாடு. நிறுத்துன்னு சொன்னா புரொடக்‌ஷன் போச்சுன்னு மேஸ்திரி கத்துவார். கரண்ட் இல்லாத நேரத்துலதான் எங்களால மிஷினை மிஷினா பார்க்க முடிஞ்சுது.

ஆட்களை லே-ஆஃப் பண்ணின, அதாவது வேலை இல்லைன்னு தற்காலிகமா நிறுத்தி வெச்ச நாளும் இருந்துச்சு. அப்ப நடப்புல இருந்த 1947 தொழில் தகராறுகள் சட்டப்படி, 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற ஆலையில ஒரு வருஷ சர்வீஸ் முடிச்ச தொழிலாளிக்கு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்ததுல பாதி கொடுத்தாகணும். அதே சட்டத்துல நம்ம பக்கக் கடமையும் எழுதியிருக்குங்க. தினம் ஒரு தடவையாவது வேலை நேரத்துல ஆலைக்கு வந்து பேர் கொடுக்கணும். அதே முதலாளியோட வேற ஆலையில, அஞ்சு மைலுக்குள்ள, அதே சம்பளத்துக்கு நம்மால செய்யக்கூடிய வேலை கொடுத்தா மறுக்கக் கூடாது. மறுத்தா அந்தப் பாதியும் கிடையாது. இதை எங்க சங்கத்துக்காரர் வரி வரியாப் படிச்சுக் காட்டினார். உரிமையை மட்டும் படிச்சுட்டு கடமையை விட்டுடலைங்கறதாலதான் அவர் மேல எனக்கு மரியாதை.

ஒரு நாள் சூப்பர்வைசர் வந்து நாலு பேரைக் கூப்பிட்டார். முதலாளி சொந்தத்துல கல்யாணம், பந்தல் வேலைக்கு ஆள் வேணும்னார். பெரிய ஃபிட்டர் குரலை உயர்த்தாமச் சொன்னார்: "மில்லுக்குள்ள எந்த மிஷினுக்கு அடியில படுக்கச் சொன்னாலும் படுக்கிறோமுங்க. கல்யாண வீட்டுக்கு எங்க பேரு மஸ்டர்ல ஏறலைங்க." அதோட அந்தப் பேச்சு நின்னுது. உங்க மருமகனுக்கு இதை அவசியம் சொல்லுங்க. நேரம் இருக்குன்னு சொல்றது வேற, யார் எதுக்குக் கூப்பிட்டாலும் போறது வேற.

டீம் லீட், சிறுசேரி:

எங்கள் ஐ.டி. பக்கம், ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை காத்திருப்பதைப் பெஞ்ச் என்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏசி அறையில் சும்மா சம்பளம். உள்ளே இருப்பவருக்குத் தூக்கம் வராது. கிளையன்ட்டுக்குப் பில் போடாத ஒவ்வொரு நாளும் அவர் பெயரில் கணக்காகிறது. 2025 ஜூனில் டிசிஎஸ், ஆண்டுக்கு 225 நாட்கள் பில்லிங்கில் இருக்க வேண்டும், பெஞ்ச் 35 நாளைத் தாண்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது, வேறு கம்பெனியில் இருந்த நாங்களும் கேன்டீனில் அதைத்தான் பேசினோம்.

நான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். விருதுநகர் பக்கம். புராஜெக்ட் முடிந்து பெஞ்சுக்கு வந்தவளுக்கு எங்கள் டீம் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். கொடுத்த ஆன்லைன் பயிற்சிகளைச் சீக்கிரமே முடித்துவிட்டாள். "அக்கா, உங்க பழைய சப்போர்ட் டிக்கெட்டுகளைப் பார்க்க எனக்கு அனுமதி வாங்கித் தர முடியுமா? எதையும் மாத்த மாட்டேன், படிக்க மட்டும்" என்று வந்து கேட்டாள். டிக்கெட் என்பது ஒவ்வொரு கோளாறுக்கும் போடும் பதிவு. கிளையன்ட் தகவல் என்பதால் மேனேஜரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கித்தான் கொடுத்தேன். அவளாக யாருடைய ஐடியிலும் நுழைந்து பார்க்காமல் முறையாகக் கேட்டதே எனக்குப் பிடித்தது.

மாதப் பிறப்பில் ஒரு பேட்ச் ஜாப் (தானாக ஓடும் புரோகிராம்) அடிக்கடி பாதியில் நின்றுவிடும். ஷிப்டில் இருப்பவர் மறுபடி ஓட்டிவிட்டு டிக்கெட்டை மூடிவிடுவார். ஆளாளுக்கு ஒரு தடவை வருவதால் யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அவள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்து, விடுமுறைப் பட்டியல் கோப்பு தாமதமாக வரும் மாதங்களில் மட்டும் இது நடக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தாள். அதன்பின் எங்கள் டீம் அதைச் சரிசெய்தது. அவளுக்கு எங்கள் புராஜெக்ட்டில் இடம் கிடைக்கவில்லை, வேறு அக்கவுன்ட்டுக்குப் போய்விட்டாள். அவள் எழுதிய குறிப்பைத்தான் எங்கள் டீமுக்குப் புதிதாக வருபவர்களுக்கு இன்றும் முதலில் கொடுக்கிறோம்.

பெஞ்ச் பயத்தில் தெரியாத டெக்னாலஜியைத் தெரியும் என்று ரெஸ்யூமில் ஏற்றுபவர்களையும் பார்க்கிறேன். ஏற்றச் சொல்லி நெருக்குபவர்களும் இருக்கிறார்கள். அது வேலைக்குப் போகிற இடத்தில் பக்கத்து ஆளின் தலையில்தான் விடியும். தயவுசெய்து அதற்கு இணங்காதீர்கள்.

எழுத்தர், அரசு அலுவலகம்:

நல்லதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் எங்கள் மாதிரி இடத்தில் எனக்கு வேலை முடிந்துவிட்டது என்று சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். பக்கத்து சீட்டின் தேங்கிய கோப்பெல்லாம் நம் மேஜைக்கு வந்து, அது நம் நிரந்தர வேலையாகிவிடும். அல்லது இந்தப் பணியிடம் தேவையா என்ற கேள்வி வரும். எங்கள் பிரிவில் ஒரு அம்மா இரண்டு பேர் வேலையைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவருக்கும் அதே இரண்டு பேர் வேலைதான். தங்கச்சி மகன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஊர்ப்புற நூலகர், திருவாரூர் மாவட்டம்:

எழுத்தர் ஐயா சொல்வது முழு உண்மை. அந்தப் பயத்தோடுதான் நானும் இருக்கிறேன். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் போனபின், பள்ளிக்கூடம் விடும்வரை என் நூலகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால் மேலே கேள்வி வரும்.

இந்தத் தனிமை எங்கள் துறையின் தந்தைக்கே வந்தது. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போனார். வகுப்பு நிறைய மாணவர்களோடு இருந்தவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. சில நாட்களிலேயே கல்லூரிக்குப் போய்த் தன்னைப் பழைய வேலைக்கே எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். லண்டன் போய் நூலகப் பணியைப் படித்துவிட்டு வரட்டும், அப்போதும் பிடிக்கவில்லையென்றால் கல்லூரியில் இடம் உண்டு என்று முடிவானது. அங்கே ஊர் ஊராக நூலகங்களைப் பார்த்தார். ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பொருத்திக் காட்டுவதைக் கண்டபோதுதான், ஒரு நூலின் பொருளையும் இப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சேர்த்து வகைப்படுத்தலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அதுதான் 1933-இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. 1925-இல் திரும்பியவர் வகுப்பறைக்குப் போகவில்லை. 1944 வரை அதே நூலகத்தில் இருந்தார்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அவர் முதலில் செய்த காரியம். இங்கே எனக்கு வேலை இல்லை, சலிப்பாக இருக்கிறது என்று பொறுப்பில் இருந்தவரிடம் போய் நேராகச் சொன்னார். மேஜையில் காகிதத்தைப் புரட்டிக்கொண்டு காலம் ஓட்டவில்லை.

நாங்கள் அவ்வளவு பெரியவர்கள் இல்லை, லண்டனும் இல்லை. ஆனால் மன்னார்குடி எங்கள் பக்கத்து ஊர். ஆள் வராத இடத்தில் புத்தகம் ஆளைத் தேடிப் போகட்டும் என்று 1931-இல் மாட்டு வண்டியில் நூலகம் கிளம்பியது அங்கேதான். அதை மனதில் வைத்து மேலதிகாரியிடம் அனுமதி கேட்டேன். நூறு நாள் வேலை நடக்கும் குளக்கரைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டுபோனேன். கதைப் புத்தகத்தை யாரும் தொடவில்லை. ஒரு அக்கா மட்டும், "மாடு சினைபிடிக்காம இருக்கு தம்பி, அதுக்கு ஏதாவது புத்தகம் இருக்கா?" என்று கேட்டார். நூலகத்தில் கால்நடை வளர்ப்பு நூல்கள் இருந்தன. எடுப்பாரில்லாமல் மேல் தட்டில் கிடந்தவை. மறுநாள் கொண்டுபோனதும் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். படிக்கத் தெரிந்த பெண் வாசிக்க, மற்றவர்கள் நடு நடுவே தங்கள் வீட்டு மாட்டைப் பற்றிச் சொல்ல, சாப்பாட்டு நேரம் போதவில்லை.

இன்னொரு பையன் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் புத்தகம் வேண்டும் என்றான். எங்களிடம் முழு வரிசை இல்லை. பள்ளியில் சொல்லி, தேர்வு முடித்த பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். இப்போது மதியத்தில் அந்த மேஜைக்கு இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

1948 பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரி கட்டும்போதே நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறார்கள் நம் மக்கள். நூலகத்துக்குள் காலே வைக்காதவரும் கட்டுகிறார். அந்தப் பணத்தில்தான் என் சம்பளம். அதனால் ஆள் வராத நேரம் என் சொந்த நேரம் என்று என்னால் நினைக்க முடிவதில்லை. வேலை கூடும் என்ற பயத்தைவிட இது எனக்குப் பெரிது.

கேட் கீப்பர், கிளைப் பாதை:

எல்லாரும் நேரத்தை எப்படி நிரப்புவது என்று எழுதுகிறீர்கள். என் வேலை வேறு மாதிரி. எங்கள் பாதையில் ரயில் குறைவு. ஸ்டேஷனிலிருந்து போன் வரும், பேசியதை உறுதிசெய்யப் பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணை மாற்றிக்கொள்வோம், பதிவேட்டில் எழுதுவோம், கேட்டை மூடுவோம், ரயில் போகும், திறப்போம். மற்றதெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்புக்குத்தான் எனக்குச் சம்பளம். அங்கே இன்னொரு வேலையைக் கொண்டுவந்து வைத்தால்தான் ஆபத்து. கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அதே ஆபத்து.

ஒரு முறை கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஆக்சில் முறிந்து தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. அப்போது எனக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு சிவப்புக் கொடியோடும், சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் டெட்டனேட்டர்களோடும் ஓடினேன். அகல ரயில்பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று. பகலெல்லாம் உட்கார்ந்திருந்த நேரத்தில் எந்தக் கம்பம் 600, எந்தப் புளியமரம் 1200 என்று நடந்து பார்த்து வைத்திருந்தேன். ரயில் முந்தின ஸ்டேஷனிலேயே நிறுத்தப்பட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூர் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி மாணவர்கள் இறந்தார்கள். அன்றைக்கு எங்கள் ஆட்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ரிங் பிரேம் ஃபிட்டர், கோயம்புத்தூர்:

கேட் கீப்பர் அண்ணா, கும்பிடறேனுங்க. இன்னொரு தகவல். நான் சொன்ன 1947 சட்டத்துக்குப் பதிலா 2025 நவம்பர் 21-ல இருந்து தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கு. லே-ஆஃப்புக்குப் பாதிச் சம்பளம்ங்கறது அதுலயும் இருக்கு. யாராவது பழைய சட்டம் போச்சு, இனி ஒண்ணும் கிடையாதுன்னா நம்பாதீங்க.

கணக்குப்பிள்ளை, திருப்பூர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் மருமகனுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்தர் ஐயா எழுதியதைக் கேட்டுக் கொஞ்சம் தயங்கினான். பிறகு உட்கார்ந்து மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதினான். தினம் தான் முடிக்கும் வேலை என்ன, எத்தனை மணிக்கு முடிகிறது, அதன்பின் எந்த வேலையைத் தன்னால் எடுக்க முடியும் என்று மூன்றையும் போட்டான். கடைசியில் "எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தான். பந்தல் கதையை மறுபடி சொல்லி அந்த வரியை எடுக்க வைத்தேன்.

இன்று பதில் வந்துவிட்டது. குறை இருக்கிறது என்று பையர் கிளெய்ம் (இழப்பீடு) கேட்ட பழைய ஷிப்மென்ட் ஃபைல்களை எல்லாம் பார்த்து, எந்தக் குறை எந்த யூனிட்டிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது என்று பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதம் நேரம் கொடுத்திருக்கிறார்கள். மெர்ச்சன்டைசிங்கிலோ குவாலிட்டியிலோ இருப்பவர்கள் இங்கே இருந்தால், அவன் தையல் குறை, சாயக் குறை என்று பிரிப்பதா, ஸ்டைல் வாரியாகப் பிரிப்பதா, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.