புதுப்பிப்பு: இழப்பீடு வந்துவிட்டது

ஐரோப்பாவில் முதல் ரயில் தாமதமானதால் இணைப்பு ரயிலைத் தவறவிட்டதையும், இழப்பீடு கேட்டபோது ரயில் நிறுவனம் "சில நிமிடத் தாமதம்தானே" என்று மறுத்ததையும் முன்பு எழுதியிருந்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

பாதிக் கட்டணம் திரும்பி வந்தது. மறுபடி எழுதியபோது நான் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் முதல் ரயிலின் தாமதம் அல்ல, கடைசி நிலையத்தை அடைந்த நேரமே கணக்கு. 60 நிமிடத் தாமதம் முதல் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடம் முதல் 50. தனித்தனி டிக்கெட் என்றால் இந்த வாதம் எடுபடுவது கஷ்டம். 2023 முதல் கடும் வானிலை போன்ற காரணங்களால் தாமதமானால் ரயில் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்ற விலக்கு உண்டு. ரயில் ஊழியர் வேலைநிறுத்தம் அதில் சேராது.

"அங்கே ரயில்கள் நேரத்துக்கு வரும் புள்ளிவிவரம் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். ஜெர்மனியில் 6 நிமிடத்துக்குள் வந்தால் அது சரியான நேரம். ரத்தான ரயில் அந்தக் கணக்கிலேயே வராது. சௌகரியமான கணக்கு! சுவிட்சர்லாந்தில் வரம்பு 3 நிமிடம்.

இந்தியா பற்றி: ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் பயணமே செய்யாவிட்டால் முழுப் பணம். ஏறிவிட்டால் நுகர்வோர் ஆணையம்தான் வழி. தாமதத்துக்குக் காரணம் காட்டி நிரூபிக்க வேண்டியது ரயில்வேதான் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது.