தெருவுக்கு ஒரே எண்

ஒரு பெரிய மாநகராட்சியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நான் சேர்ந்த சமயத்தில் சொத்துவரிக்கு ஒரு மென்பொருள், நகரமைப்புக்கு இன்னொன்று, பொறியியல் பிரிவுக்கு வேறொன்று. எல்லாம் தனித்தனி டெண்டர், தனித்தனி கம்பெனி. எல்லாத் துறைகளையும் கலந்து பேசி ஒரே தொழில்நுட்பத் திட்டமாகக் கொடுக்கச் சொல்லி ஆணையர் உத்தரவு போட்டார்.

முதல் கூட்டத்துக்கு ஒவ்வொரு துறையும் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலோடு வந்தது. இத்தனை கணினி, இத்தனை டேப்லெட், ஒரு செயலி. மார்ச் முடிவதற்குள் நிதியைச் செலவழிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. ஒரு துறையின் தகவல் அடுத்த துறைக்கு எப்படிப் போகும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

அதனால் ஒரே ஒரு தெருவை எடுத்து, அது எந்தத் துறையில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தோம். வரிக் கேட்புப் பதிவேட்டில் அந்தத் தெருவுக்குப் பழைய பெயர், சாதி ஒட்டோடு இருந்தது. 1970-களின் இறுதியில் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டதே, அந்த மாற்றம் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது. பொறியியல் பிரிவின் சாலைப் பதிவேட்டில் அதே தெரு இரண்டு துண்டாக, இரண்டு பெயரில் கிடந்தது. நகரமைப்புப் பிரிவுக்குத் தெருப் பெயரே தேவையில்லை. டவுன் சர்வே வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் (நகர நில அளவை எண்) இருந்தால் போதும். அந்த வார்டு தேர்தல் வார்டு அல்ல. வரிப் பிரிவு வைத்திருந்ததோ தேர்தல் வார்டு. மென்பொருள் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது.

எழுத்துருச் சிக்கல் தனி. ஒருங்குறியை (யூனிகோடு) அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டாலும் பழைய கோப்புகள் வானவில் என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானவை. அவசரமாக மாற்றியதில் பல இடங்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றது. இன்னொன்று கண்ணுக்கே தெரியாது: கோவில் தெரு என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டு வெவ்வேறு தெரு. பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு கோவில் தெரு வந்ததற்கு இதுதான் காரணம்.

பெயரை நம்பிப் பயனில்லை, ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் எண் கொடுப்போம் என்று முடிவானது. அந்த எண்ணில் வார்டு எண் இருக்கவே கூடாது என்பதில் நான் உறுதியாக நின்றேன். 2011-ல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 155 வார்டுகள் 200 ஆயின, 10 மண்டலங்கள் 15 ஆயின. வார்டு எண்ணை உள்ளே வைத்துக் குறியீடு போட்டால் இப்படி ஒரு மறுசீரமைப்பிலேயே எல்லாம் தலைகீழாகிவிடும். மண்டலம் மாறினாலும், தலைவர் பெயர் வைத்தாலும் தெருவின் எண் மாறக் கூடாது. ஒரு தெரு இல்லாமல் போனாலும் அதன் எண்ணை வேறு தெருவுக்குக் கொடுக்கக் கூடாது.

பட்டியலைச் சரிபார்க்க பில் கலெக்டரும் உதவிப் பொறியாளரும் சர்வேயரும் சேர்ந்து தெருத்தெருவாக நடந்தார்கள். ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு பில் கலெக்டர் ஒரு முக்கில் நின்று, “தம்பி, இந்த வளைவு வரைக்கும்தான் அந்தத் தெரு. அதுக்கு மேல வேற பேரு. பழைய எண், புதிய எண் ரெண்டும் எனக்குத் தெரியும், எழுதிக்கோங்க” என்றார். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவரைப் போன்றவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் துறைத் தலைவர்களை மட்டும் வைத்துத் திட்டம் போடுவது எனக்கு இன்றைக்கும் ஆதங்கம்தான்.

சரி, எண் கொடுத்தாகிவிட்டது. துறைகள் அதைப் பயன்படுத்த வேண்டுமே? சுற்றறிக்கை அனுப்பினோம், கோப்பில் ஏறியதோடு சரி. அப்புறம் கணக்குப் பிரிவோடு பேசினோம். மென்பொருள், சர்வர், செயலி எது வாங்குவதாக இருந்தாலும் கணினிப் பிரிவின் குறிப்பு இல்லாமல் கோப்பு கணக்குப் பிரிவைத் தாண்டாது என்று ஏற்பாடானது. எந்த மென்பொருள் வாங்குவது என்பதில் நாங்கள் தலையிடவில்லை. எங்கள் நிபந்தனைகள் மூன்றுதான்: பொதுத் தெரு எண் இருக்க வேண்டும், தரவு மாநகராட்சிக்கே சொந்தம், ஒப்பந்தம் முடியும்போது எவரும் படிக்கக்கூடிய வடிவத்தில் அதைத் திருப்பித் தர வேண்டும். மூன்றாவது நிபந்தனை ஏன் என்றால், பழைய கம்பெனி ஒன்று தரவின் அமைப்பையே காட்ட மறுத்து எங்களை அலையவிட்டது. ஆணையர்கள் மாறினார்கள், கணக்குப் பிரிவின் இந்த வழக்கம் மாறவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் புதிதாகத் தார் போடவிருந்த சாலைகளின் பட்டியலையும் குடிநீர்க் குழாய் வேலைப் பட்டியலையும் தெரு எண்ணை வைத்து ஒப்பிட்டோம். ஒரே தெரு இரண்டிலும் இருந்தது. உதவிப் பொறியாளர்கள் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். முதலில் குழாய், பிறகு தார். கூட்டமோ கடிதமோ தேவைப்படவில்லை. கட்டட அனுமதி தந்த இடங்களின் பட்டியலும் இப்போது வரிப் பிரிவுக்குத் தானாகவே போகிறது.

மின் இணைப்பு எண்ணை இதோடு சேர்ப்பது மட்டும் பாக்கி. மின்வாரியம் வேறு நிறுவனம், எங்கள் கணக்குப் பிரிவின் கை அங்கே எட்டாது. தனி நிறுவனங்களுக்கு இடையே இதைச் செய்து முடித்தவர்கள் யாராவது இருந்தால், எந்த மட்டத்தில் பேச்சைத் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.