புதுப்பிப்பு: எலெக்ட்ரிக் கிட்டார் சாம்பிள் கருவி

கிட்டார் ஒலிகளைச் சாம்பிள்களாக, அதாவது சிறு ஒலித்துண்டுகளாகப் பதிந்து, கீபோர்டில் வாசிக்கத்தக்க மெய்நிகர் கருவியாக்குவது பற்றிய சென்ற பதிவில், டிஸ்டார்ஷனோடு (ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது) பதிவதா, அது இல்லாமலா என்ற கேள்வி மிஞ்சியிருந்தது. ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவி) இல்லாமல், கிட்டாரிலிருந்து நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் கருவி) பதிவதென்று முடிவு செய்துவிட்டேன்.

தனித்தனியே டிஸ்டார்ஷன் ஏற்றிய ஸ்வரங்களை அடுக்கினால் உண்மையான பவர் கார்டு (ராக் இசையில் இரு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் கனத்த ஒலி) கிடைப்பதில்லை. 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் சேர்ந்து, டிஸ்டார்ஷன் தரும் ஒரே ஆம்ப்புக்குள் நுழையும்போதுதான், அவற்றின் வித்தியாசமாகிய 55 ஹெர்ட்ஸில், கிட்டாரின் தடித்த தந்தியின் 82 ஹெர்ட்ஸுக்கும் கீழே, புதியதோர் ஒலி எழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த அந்தக் கனம் அங்கிருந்தே வருகிறது. ஆகவே சுத்தமான சாம்பிள்கள் ஒன்றுசேர்ந்த பிறகே ஆம்ப் சிமுலேட்டரை (ஆம்ப்பைப் போல ஒலியை மாற்றும் மென்பொருள்) வைக்கிறேன்.

ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து வரும்போது இயந்திரத்தனமாக ஒலிக்காமலிருக்க, ஒவ்வொன்றையும் பலமுறை பதிந்து, எஸ்எஃப்இசட் கோப்பில் (எந்த விசைக்கு எந்தச் சாம்பிள் ஒலிக்க வேண்டும் என்று குறிக்கும் கோப்பு) மாறி மாறி ஒலிக்க வைத்துள்ளேன். கீழ்மீட்டலும் மேல்மீட்டலும் தனித்தனித் தொகுதிகள். உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிக்கும் ஒலிகள் இனிமேல்தான்.